பெட்டி தேடிக்கொண்ட வண்டி

கிடங்கில் எல்லாரும் அவளைப் 'புக்கிங் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு எதில் போக வேண்டும் என்று முடிவு செய்வது அவள் வேலை. முடிவானதும் பெட்டியின் மேல் சாக்பீஸால் எழுதுவாள். கப்பலுக்கு 'க'. விமானத்துக்கு 'வி'. லாரிக்கு 'லா'. முடிவு மாறினால் பழைய எழுத்தின் மேல் கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் புதிதாக எழுத வேண்டும், அழிக்கக் கூடாது.

"அழிச்சா சரக்கு தானா வண்டி தேடிக்கும்க்கா," என்று 'மீசை' என்று எல்லாரும் கூப்பிடும் லோடுமேன் சிரிக்காமல் ஜோக்கடிப்பான்.

அன்று வந்த பெட்டிக்குள் ஒரு பழைய பியானோ. பக்கத்து நாட்டுக்குப் போக வேண்டியது. கனத்த சாமான், அவசரமும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு 'க' போட்டாள். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், பெட்டியில் ஒட்டியிருந்த அதிர்வு ஸ்டிக்கர் சிவந்திருந்தது. பெட்டி பலமாக எங்கேயாவது இடித்தால்தான் அது வெள்ளையிலிருந்து சிவப்பாகும்.

"யாருடா இடிச்சது?"

"வச்சது வச்ச எடத்துல இருக்குக்கா. யாரும் கிட்டகூடப் போகல."

புது ஸ்டிக்கர் ஒட்டினாள். மனசுக்குள் ஏதோ உறுத்த, 'க' மேல் கோடு போட்டுவிட்டு 'வி' எழுதினாள். அவள் கண்ணெதிரிலேயே ஸ்டிக்கர் சிவந்தது.

"கப்பலும் பிடிக்கல, பிளேனும் பிடிக்கல. துரைக்கு லாரிதான் வேணுமாம்," என்றான் மீசை. குரலில் ஜோக் இல்லை.

மூன்றாவது ஸ்டிக்கர் ஒட்டி, 'வி' மேலும் கோடு போட்டுவிட்டு 'லா' எழுதினாள். அது வெள்ளையாகவே இருந்தது.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. இன்று மலைப்பாதை வழியாக எல்லை தாண்டுகிற ஒரே லாரி அவள் புருஷன் ஓட்டுவது. அந்தப் பக்கத்திலிருந்து லோடு எடுத்துவரக் காலியாகப் போகிறது. இந்தப் பெட்டியோடு அவரைக் கொண்டை ஊசி வளைவுகளில் அனுப்புவதா? பதற்றத்தில் 'லா'வை உள்ளங்கையால் தேய்த்து அழித்துவிட்டு, மறுபடி 'க' போட்டாள்.

"அழிச்சிட்டீங்களேக்கா," என்றான் மீசை மெல்ல.

துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் பெட்டியை ஏற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டும்வரை நின்று பார்த்தாள். வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

சாயங்காலம் புருஷன் போன் செய்தார்.

"பாதி மலை ஏறிட்டேன். காலி வண்டிதான், ஆனா இழுக்கவே மாட்டேங்குது. யானையை ஏத்தின மாதிரி முக்குது."

"நிறுத்திட்டு, எறங்கிப் பின்னால பாருங்க."

எஞ்சின் அடங்கியது. கதவு சாத்தும் சத்தம். பின்பக்கத்துச் சங்கிலி கழன்று விழும் சத்தம்.

"ஒண்ணுமில்லம்மா, காலியாத்தான் கெடக்கு. பலகையில மட்டும் 'லா'ன்னு சாக்பீஸ்ல எழுதியிருக்கு. உன் எழுத்துதானே? எழுதிப் பழக என் வண்டிதான் கெடச்சுதா?"

"என்னங்க, அதுல கை வைக்காதீங்க. அழிச்சிடாதீங்க."

"அழிச்சாச்சே. கையாலயே துடைச்சுட்டேன்." அவர் சிரித்தார்.

சிரிப்பு பாதியில் நின்றது. போனுக்குள் எஞ்சின் உறுமியது.

"இரு. சாவி என் பாக்கெட்டுல இருக்கு. வண்டிய யாரு எடுக்கறது?"