அப்பா கரடி

1

இந்தக் கதை ஒரு புகாரில் தொடங்கியது. புகார் கொடுத்தவளுக்கு ஐந்து வயது. கீழ்வீட்டு லிஃப்ட் மெக்கானிக்கின் மகள். எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவோம். நான் எழுதிய குழந்தைப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி படியேறி வந்து சொன்னாள்:

"மாமா, நீங்க தப்பா எழுதியிருக்கீங்க."

(முதலில் எழுதிய தொடக்கம் இது: 'சிறு குழந்தைகளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவதால் அவர்களின் எழுத்தறிவானது…' எனக்கே கொட்டாவி வந்தது.)

2

புத்தகத்தில் இருப்பது இவ்வளவுதான்: குட்டிக் கரடி வழி தவறிவிடும். அம்மா கரடி தேடி அலைந்து, கடைசிப் பக்கத்தில் கண்டுபிடித்துக் கட்டிக்கொள்ளும்.

வாலு பேசத் தொடங்கியபோது நான்தான் அதைக் கொடுத்தேன். மெக்கானிக் வேலை முடிந்து வந்ததும் அவளை மடியில் வைத்துப் படிப்பார். சொற்கள் மாடிவரை எட்டாது. உறுமல் மட்டும் கேட்கும். என் கரடி இவ்வளவு நன்றாக உறுமும் என்று எனக்கே தெரியாது.

அவர் மனைவி அதற்கு முன்பே இறந்துவிட்டாள். [இங்கே 'அந்த இழப்பின் கனம்' என்று ஒரு வரி இருந்தது. அடித்துவிட்டேன்.]

3

வாலு பக்கத்தைத் திறந்து விரல் வைத்தாள். "இது என்ன?"

"அம்மா."

"அதான்! ஸ்கூல்ல சொல்லிக் குடுத்துட்டாங்க. ஆனா அப்பான்னுல்ல இருக்கணும்? அப்பா கரடிதான தேடிட்டுப் போகும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனுஷன் இத்தனை நாளும் ஒரே ஒரு சொல்லை மாற்றிப் படித்திருக்கிறார்.

முதலில் வந்தது கோபம்தான். என் எழுத்தில் கை வைப்பதா! (எழுதுகிறவன் புத்தி.) பிறகு பயம். அச்சுப் பிழை என்று சொன்னால் அப்பா தப்பிப்பார். ஆனால் அவள் தானாகப் படித்த முதல் சொல் பொய்யாகிவிடும். அப்பா மாற்றிப் படித்தார் என்று சொன்னாலோ…

நான் முடிக்க வேண்டியிருக்கவில்லை. மெக்கானிக் அவள் பின்னால் படியில் நின்றுகொண்டிருந்தார்.

4

"நீ படிச்சதுதான் சரி. நான்தான் மாத்திப் படிச்சேன்."

"ஏன்ப்பா?"

"அம்மான்னு படிச்சா, எங்கம்மா எங்கன்னு கேப்பியே."

"நான் கேக்கவே இல்லையே."

"கேட்டுடுவியோன்னு பயம்." என்னைப் பார்த்தார். "கோச்சுக்காதீங்க சார்."

என்னத்தைக் கோபித்துக்கொள்வது?

இருவரும் படியிலேயே உட்கார்ந்தார்கள். அந்த ஒரு சொல் வரும் இடங்களில் வாலு விரலை அழுத்தி "அம்மா" என்று படித்தாள். மற்றதை அவர் படித்தார். உறுமல் மட்டும் இன்று சரியாக வரவில்லை. கடைசிப் பக்கம். அம்மா கரடி குட்டியைக் கட்டிக்கொண்டது.

"எங்கம்மாவும் வருவாங்களா?"

5

இந்த இடத்துக்கு மூன்று பதில்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நட்சத்திரம்கூட வந்தது. மூன்றையும் கிழித்தேன். அவர் சொன்னது இதுதான்:

"வர மாட்டாங்கம்மா."

மகளிடம் அவர் எப்போதும் அப்படித்தான் 'அம்மா' போட்டுப் பேசுவார். அது இன்று அவள் காதில் விழுந்ததா, தெரியாது. [விழுந்ததாக எழுதினால் கதை அழகாக முடியும். மனம் வரவில்லை.] வாலு கொஞ்ச நேரம் அவர் சட்டைப் பொத்தானைத் திருகினாள். பிறகு முதல் பக்கத்துக்குத் திருப்பி, "மறுபடியும்" என்றாள்.

நான் கதவைச் சாத்திக்கொண்டேன். அடுத்த தடவை தேடிப் போனது எந்தக் கரடி என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் மடியில் ஒரு குழந்தை இருந்தால், படித்துக் காட்டுங்கள். அந்தச் சொல் வரும்போது உங்கள் வாயில் எது வருகிறதோ, அது.