மேர்சி மிஸ்ஸுக்கு மட்டும் விளங்கியது

1

இந்தக் கதை நான் யோசித்து எடுத்ததல்ல, ஒட்டுக்கேட்டது. பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பேருந்தில் முன் இருக்கைப் பெண் தொலைபேசியில், "மேர்சி மிஸ், அடுத்த திங்கள் தொடங்கிற இன்ரேன்ஷிப் விசயமாத்தான் எடுத்தனான். நான் ஓம் எண்டு எழுதித் தந்தனான்தான், ஆனா..." என்றாள். அதற்குமேல் கேட்க நடத்துநர் போட்ட பாட்டு விடவில்லை. கடைசியில் அவள் சொன்ன இரண்டொரு சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது. அதைக் கடைசியில் தருகிறேன். நடுவிலுள்ளதெல்லாம் என் புளுகு.

2

அவளுக்கு ஜெசிதா என்று பெயர் வைத்தேன். முதல் தொடக்கம் இப்படி:

அப்பா கடலுக்குப் போன அந்த விடியற்காலையில் ஜெசிதாவின் கண்கள்...

(வெட்டிவிட்டேன். பருத்தித்துறை என்றவுடன் கடலையும் கண்ணீரையும் கொண்டுவந்து கொட்ட என்னை யார் கூலிக்குப் பிடித்தது?)

இரண்டாவது: ஜெசிதாவின் அப்பா கிறிஸ்ரோபர் படகு எஞ்சின் திருத்துகிறவர். வீட்டில் பெரிய குறை ஒன்றுமில்லை. அவள் பல்கலைக்கழகத்தில் நிதி முகாமைத்துவம், இறுதி வருடம். கொழும்பில் வாகன லீசிங் கம்பனி ஒன்று ஆறு மாதப் பயிற்சிக்கு இடம் கொடுத்தது. அன்றே சம்மதம் எழுதி அனுப்பிவிட்டாள். பிறகுதான், முன்பு நேர்முகத்துக்குப் போய்ப் பதில் வராமல் அவள் கைவிட்டிருந்த முதலீட்டு நிறுவனம் கூப்பிட்டது. கம்பனிகளின் பங்குகளை ஆராய்கிற வேலை. அவள் படித்ததே அதற்காகத்தான். இரண்டும் ஒரே திங்கட்கிழமை தொடங்குகின்றன.

இதில் என்ன கதை இருக்கிறது, மாட்டேன் என்றால் முடிந்தது என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆகவே நிருஷனைக் கொண்டுவந்தேன்.

3

நிருஷன் சண்டிலிப்பாய்ப் பெடியன். ஜெசிதாவுக்கு முன்னே படித்து முடித்து, அதே லீசிங் கம்பனியில் வேலை செய்கிறான். அங்கே யாழ்ப்பாணத்திலிருந்து யாரையும் பயிற்சிக்கு எடுத்ததில்லை. ஒருக்கா எடுத்துப் பாருங்கள், பிழை வராது என்று, ஆள் எடுக்கும் பகுதியிலுள்ள மேர்சி மிஸ்ஸிடம் (யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரி, ஏன் என்று பிறகு) அவன் கதைத்து வாங்கிய இடம் இது. ஜெசிதா போகாவிட்டால் அவன் பேச்சுக்கு அங்கே இனி மதிப்பில்லை. அவளுக்குப் பின்னால் படிக்கிற பிள்ளைகளுக்கும் கதவு சாத்தப்படும். போனால், முதலீட்டு நிறுவனம் இன்னொருமுறை கூப்பிடாது.

அவள் நிருஷனுக்கு அழைப்பு எடுத்த காட்சியை மூன்று தரம் எழுதினேன். முதலில் அவன் ஏசினான். ஏசினால் அவளுக்கு விலகுவது சுகமாகிவிடும். அடுத்ததில், நீ போ தங்கச்சி, நான் சமாளிக்கிறேன் என்றான். அப்படிப்பட்ட மனுசனை நான் இன்னும் காணவில்லை. மூன்றாவதில் உள்ளதைச் சொன்னான்:

"என்னைக் கேட்டா வா எண்டுதான் சொல்லுவன். அதாலை என்னைக் கேளாதை. வராட்டி மேர்சி மிஸ்ஸிட்டை நீயே வாயாலை சொல்லு. மெயில் போட்டிட்டு ஒளியாதை."

"ஓம் அண்ணை," என்றாள் ஜெசிதா. வேறு என்ன சொல்வாள்?

4

என் மனைவி கமலாவதி வங்கியில் வேலை செய்கிறாள். இதுவரை எழுதியதை வாசிக்கக் கொடுத்தேன்.

"இஞ்சேருங்கோ, வாறன் எண்டு சொல்லிட்டு வராத பிள்ளையளாலை நாங்கள் படுற கரைச்சல் உங்களுக்குத் தெரியாது. உவளை ஒழுங்கா லீசிங்குக்கு அனுப்புங்கோ."

எங்கள் மகளாயிருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். தாளைத் திருப்பித் தந்தாள்.

முடிவு அ: ஜெசிதா லீசிங் கம்பனிக்குப் போகிறாள். பக்கத்து மேசையில் நிருஷன். ஒவ்வொரு கோப்பையும் திறக்கும்போது அவள்...

(முடிக்க மனம் வரவில்லை. பாவம் பிள்ளை.)

முடிவு ஆ: முதலீட்டு நிறுவனத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஜெசிதா...

(இதை எழுதும்போது நிருஷன் மத்தியானச் சாப்பாட்டுக்குத் தனியாக எழும்பிப் போனான். அவனையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவளை மறந்துவிட்டேன்.)

5

ஆகவே புளுகை நிறுத்திக்கொண்டு கேட்டதைச் சொல்கிறேன். பேருந்து கோப்பாயடிக்கு வந்தபோது பாட்டு நின்றது. அந்தப் பெண் இன்னும் தொலைபேசியைக் காதில் வைத்திருந்தாள். ஓம் மிஸ் என்றாள், விளங்குது மிஸ் என்றாள். பிறகு:

"சரி மிஸ், வாறன்."

தொலைபேசியைப் பைக்குள் வைத்தாள்.

திங்கட்கிழமை வேலைக்கு வரப்போகிறவள் சொல்வதும் அதுதான். இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவள் விடைபெறுவதும் அதையே சொல்லித்தான். எங்கள் ஊரில் 'போறன்' என்று சொல்லிவிட்டு யாரும் போவதில்லை.*

கமலாவதி விடவில்லை. குரலில் தெரிந்திருக்குமே, எப்படிச் சொன்னாள் என்று கேட்டாள். கேட்டது கேட்டபடி சொல்லிக் காட்டினேன்.

"உது ரெண்டுக்கும் பொருந்துது," என்றாள்.

நீங்களும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கெதியாகச் சொல்லுங்கள். மறுமுனையில் மேர்சி மிஸ் காத்துக்கொண்டிருக்கிறார், அவர் மேசைக்கு முன்னால் நிருஷன் நிற்கிறான்.

* மேர்சி மிஸ்ஸைப் பாசையூர்க்காரி ஆக்கியது இதற்காகத்தான். அவருக்கு விளங்கியிருக்கும்.