மாம்புரிக்குக் கொடுத்த வாக்கு

சவிரிமுத்துவின் கையில் விலங்கு விழுந்தபோது ஸாஜிதா அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றாள். பிளாஸ்கை நிமிர்த்த மறந்துபோனாள். கோப்பை நிரம்பி வழிந்து மேசையில் ஓடி, அவளுடைய அபாயாவின் ஓரத்தை நனைத்தது. சூடு உறைக்கவில்லை.

“என்ன மிஸ் இது?” என்றார் சவிரிமுத்து. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. ஏதோ ஆள் மாறிவிட்டது, இவள் ஒரு சொல் சொன்னால் சரியாகிவிடும் என்பதுபோலத்தான் கேட்டார். “நீங்கதானே கொண்டரச் சொன்னீங்க?”

ஸாஜிதா பிளாஸ்கை வைத்துவிட்டுப் பொலிஸ் அதிகாரியின் பக்கம் திரும்பினாள்.

கற்பிட்டிக் குடாநாட்டில், களப்பு என்கிற உப்பங்கழியை ஒட்டியிருந்த அந்தக் கடல் உயிரியல் ஆய்வு நிலையத்துக்கு அவள் நிருவாக உத்தியோகத்தர். ஆட்கள், போட், டீசல், அனுமதிப் பத்திரங்கள், முகாமைச் சபையின் கூட்டங்கள் எல்லாம் அவள் பொறுப்பு. யுத்தம் முடிந்து கடல் திறந்த பிறகு உண்டான நிலையம் அது. கடற்பசுவைப் பற்றித்தான் அங்கே முக்கியமான ஆராய்ச்சி. கரையில் அதைக் கடற்பன்றி என்பார்கள். வலையில் தப்பித்தவறி ஒன்று பட்டுச் செத்தால் மீனவர்கள் பொலிசுக்குப் பயந்து மூச்சு விடமாட்டார்கள். இரவோடு இரவாக மணலுக்குள் தாட்டுவிடுவார்கள், அல்லது இறைச்சியாக்கிவிடுவார்கள். எத்தனை சாகிறது, எங்கே சாகிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

அதனால்தான் சபை ஒரு தீர்மானம் எடுத்தது. தற்செயலாகப் பட்டால் மறைக்காமல் நிலையத்துக்குக் கொண்டுவரட்டும். பொலிசுக்கும் வனஜீவராசிகள் அதிகாரிகளுக்கும் நிலையமே நடந்ததைச் சொல்லும். கொண்டுவந்தவருக்கு ஒரு கரைச்சலும் வராது. அந்த இரண்டு தரப்போடும் முன்கூட்டியே கதைத்து ஒழுங்கு செய்யும் பொறுப்பைப் பணிப்பாளர் கலாநிதி நெய்னார் ஏற்றுக்கொண்டார். அடுத்த கூட்டத்தில், “அது முடிஞ்சுது” என்றார். அதன் பிறகுதான் ஸாஜிதா பக்கத்து மீனவ ஊரான மாம்புரிக்குப் போய், மாதா கோயில் வளவில் கூடியிருந்த சனங்களுக்கு முன்னால் நின்று அந்த வாக்கைக் கொடுத்தாள்.

அதை நம்பி வந்த முதல் ஆள் சவிரிமுத்து.

அன்று விடிந்த கையோடு, வலையில் பட்டுச் செத்த கடற்பசுவின் பெரிய உடம்பைத் தன் வள்ளத்தில் கட்டி இழுத்துவந்து, நிலையத்தின் இறங்குதுறையில் விட்டிருந்தார். பெட்டை. வலை அறுத்த காயம் கழுத்தைச் சுற்றி இருந்தது. ஈரச் சாக்கால் அதை மூடியவரும் அவர்தான். “பால் வடியுது, பாத்தீங்களா? குட்டி ஒண்டு அங்கன நிக்குது மிஸ். தாயைத் தேடிக்கொண்டு நிக்கும். உங்கட போட்டை இறக்குங்க, இடத்தை நானே காட்டுறன்” என்றார். பனியில் நனைந்து அவருக்கு உடம்பு நடுங்கியது. ஒரு வாய் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாமென்று ஸாஜிதாதான் அவரை உள்ளே கூட்டிவந்தாள்.

அதற்குள் பொலிஸ் ஜீப் வந்துவிட்டது.

“சேர், இவர் எங்கட...” என்று அவள் ஒருவாறு தொடங்கினாள்.

“உங்கட பணிப்பாளர்தானே கோல் எடுத்தவர்,” என்றார் பொலிஸ் அதிகாரி. அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. “பாதுகாக்கப்பட்ட பிராணி. ஒராள் செத்த உடம்போட வந்திரிக்கிறார், நடவடிக்கை எடுங்க எண்டு சொன்னார். நாங்க வராம இருக்க ஏலாதே.”

ஜீப்பில் ஏற்றும்போதும் சவிரிமுத்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். தன்னைப் பற்றி அல்ல. “குட்டியைப் பாருங்க மிஸ்! வெயில் ஏற முதல் போங்க!” கதவு சாத்தப்பட்டது.

ஸாஜிதா நெய்னாரின் அறைக்குள் போனாள். கதவைத் தட்டவில்லை; தட்டாமல் போவது அவள் பழக்கமில்லை.

நெய்னார் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். படித்த, மென்மையாகக் கதைக்கிற மனிதர். ஒருநாளும் யாரையும் அதட்டியதில்லை.

“சேர், நீங்களா பொலிசுக்குச் சொன்னது?”

“சட்டப்படி சொல்லத்தானே வேணும், ஸாஜிதா.”

“சொல்லுறதெண்டா வலையில பட்டதெண்டு சொல்லவேணும். நாங்க கொண்டரச் சொன்னதெண்டு சொல்லவேணும். அந்த ஒழுங்கெல்லாம் நீங்க கதைச்சு வெச்சீங்கதானே?”

நெய்னார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“கதைக்கத்தான் இருந்தேன்,” என்றார்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

“ஒருத்தரோடயும் கதைக்கல்லையா?”

“ஒண்டும் நடக்காதெண்டுதான் நினைச்சேன். ஆர் கொண்டுவரப் போறான் எண்டு... காலையில அந்த உடம்பைக் கண்டதும் எனக்குக் கை காலெல்லாம் விறைச்சுப் போச்சு. எங்கட வளவுக்குள்ள செத்த கடற்பசு. நாளைக்கு நிலையமே அதைக் கொண்டதெண்டு சொன்னா? மூடிப் போடுவாங்க. உங்கட வேலை, எல்லாரிட வேலையும் போயிரும். நான் நிலையத்தைக் காப்பாத்தினேன்.”

“அந்த மனிசனைக் குடுத்து.”

நெய்னார் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் வெளியே வந்து, போட் ஓட்டுநர் ஃபஸ்லானை இறங்குதுறையில் ஆயத்தமாக நிற்கச் சொல்லிவிட்டு, வலை போட்ட இடத்தை அறிந்துவர மாம்புரிக்கு ஓட்டோ பிடித்தாள்.

சவிரிமுத்துவின் மனைவி பிரான்சிஸ்கா முற்றத்தில் நின்றாள். செய்தி அவளுக்கு முன்னமே வந்திருந்தது. அக்கம்பக்கத்து ஆட்களும் கூடியிருந்தார்கள். ஸாஜிதா இறங்கியதும் பேச்சு நின்றது.

“அக்கா, அவரை வெளியில எடுக்க நான் எல்லாம் செய்வேன். முதல்ல ஒண்டு மட்டும் சொல்லுங்க. வலை எங்க போட்டிருந்தவர்? குட்டி ஒண்டு நிக்குதாம்.”

பிரான்சிஸ்கா அவளையே பார்த்தாள். “எங்க போட்டதெண்டு சொன்னா, அதையும் பொலிசில சொல்லுவீங்க. அங்க வலை போட்ட மத்த ஆக்களையும் பிடிப்பாங்க.”

“இல்லக்கா. அல்லாஹ்மேல ஆணை.”

“அண்டைக்கும் இப்பிடித்தான் சொன்னனீங்க. கோயில் வளவில நிண்டு, மாதா சுரூபத்துக்கு முன்னால நிண்டு சொன்னனீங்க.”

ஸாஜிதா கூட்டத்தைப் பார்த்தாள். சவிரிமுத்துவோடு கடல் தொழிலுக்குப் போகிற ஆண்கள் நாலைந்து பேர் நின்றார்கள். ஒருவன் மணலைப் பார்த்தான். ஒருவன் வீட்டுக்குள் போனான். எல்லாருக்கும் இடம் தெரியும் என்பது அந்த முகங்களிலேயே தெரிந்தது.

அந்த முகங்கள் அவளுக்குப் புதியவை அல்ல. யுத்தத்தில் முஸ்லிம் சனம் முழுதும் எருக்கலம்பிட்டியிலிருந்து துரத்தப்பட்டு, கனமூலையில் அகதிகளாக ஓலைக் கொட்டிலில் இருந்த காலத்தில், கோட்டுப் போட்ட ஆட்கள் வந்து பேசிவிட்டுப் போகும்போது அவளுடைய வாப்பா இப்படித்தான் நிற்பார். இன்றைக்கு வந்து பேசுகிற ஆள் அவளாக இருந்தாள்.

ஸாஜிதாவும் ஃபஸ்லானும் இடம் தெரியாமலே தேடப் போனார்கள். ஃபஸ்லான் கடற்புல் அடர்ந்த பக்கமெல்லாம் போட்டை மெல்ல விட்டான். எஞ்சினை நிறுத்தி நிறுத்தி மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தார்கள். களப்பு கண்ணாடிபோல் கிடந்தது. பொழுது சாயும் வரைக்கும் சுற்றினார்கள்.

“ராத்தா, டீசல் முடியப் போகுது,” என்றான் ஃபஸ்லான் கடைசியில்.

அடுத்த நாள் காலை குட்டி கரை ஒதுங்கியது. மாம்புரிப் பிள்ளைகள் கண்டு கத்தினார்களாம். ஸாஜிதா போய்ச் சேர்ந்தபோது அலை அதைப் புரட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஆட்டுக்குட்டியின் முகம்போல் மூடிய கண்களோடு சின்ன முகம். உடம்பில் ஒரு காயமும் இல்லை. பாலில்லாமல் அலைந்து, களைத்து, ஏதோ வள்ளத்தின் அலையில் மூச்சுத் திணறியிருக்கலாம் என்றார்கள் நிலையத்து ஆய்வாளர்கள். ஸாஜிதா ஈர மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “இன்னாலில்லாஹி...” என்று, இறந்தவர்களுக்குச் சொல்லும் சொல் வந்தது வாயில். மிருகத்துக்குச் சொல்லலாமா என்று அவள் யோசிக்கவில்லை.

அன்றைக்குத்தான் சவிரிமுத்துவை நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அவள் புறப்படுவதை அறிந்து நெய்னார் வாசலுக்கு வந்தார்.

“நிலையத்தின்ட பேர்ல நீங்க கதைக்க ஏலாது. என்ட அனுமதி வேணும்.”

“வாக்குக் குடுக்கப் போகக்குள்ள மட்டும் என்னை அனுப்பினீங்க, சேர்.”

“உங்கட வேலைக்கு நான் பொறுப்பில்லை.”

“சரி, சேர்.”

சவிரிமுத்துவின் சட்டத்தரணி அழைத்தபோது அவள் எழுந்தாள். இந்த மனிதர் பிராணியை உங்களுடைய நிலையம் கேட்டுக்கொண்டதாலா கொண்டுவந்தார் என்று நீதவான் கேட்டார்.

“ஓம், கனம் நீதவான் அவர்களே. நான்தான் ஊருக்குப் போய்ச் சொன்னேன். சபை தீர்மானிச்சது. இவர் ஒளிச்சிருந்தா இண்டைக்கு இங்க நிக்க மாட்டார். எங்களை நம்பினதால நிக்கிறார்.”

சவிரிமுத்து கூண்டிலிருந்து அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றி இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிணை கிடைத்தது. பின்னாளில், நடந்தது முழுதும் விசாரணையில் வந்த பிறகு வழக்கும் முடிந்துபோனது.

பிணை கிடைத்த மறுநாளே சபை அவசரமாகக் கூடியது. தலைவர் இன்னாசிப்பிள்ளை ஓய்வுபெற்ற பேராசிரியர், சிலாபத்திலிருந்து வந்திருந்தார். நெய்னார் ஒன்றையும் மறுக்கவில்லை. “கதைக்கத்தான் இருந்தேன்” என்பதையே அங்கேயும் சொன்னார். சபையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவரைப் பதவி விலகச் சொல்ல நெடுநேரம் ஆகவில்லை. ஆனால் அதன் பிறகும் இன்னாசிப்பிள்ளை எழும்பவில்லை.

“அவர் ‘முடிஞ்சுது’ எண்டார். நாங்க தலையை ஆட்டினம்,” என்றார் மெதுவாக. “ஆரோட கதைச்சீர், என்ன சொன்னவை எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. நானும் கேக்கேல்லை.”

பணிப்பாளரின் அனுமதியில்லாமல் நீதிமன்றத்தில் பேசியதற்காக ஸாஜிதாவைக் கண்டிக்க வேண்டும் என்று ஒரு உறுப்பினர் சொன்னார். அவளுக்கு அதுகூடப் பெரிதாகப் படவில்லை. இன்னாசிப்பிள்ளை அந்த ஆளைத் திரும்பியும் பார்க்கவில்லை; நாளைக்கு மாம்புரிக்குப் போக வாகனம் இருக்கிறதா என்று மட்டும் ஸாஜிதாவிடம் கேட்டார்.

மறுநாள் இருவரும் போனபோது சவிரிமுத்து வீட்டில்தான் இருந்தார். கதிரை எடுத்துப் போட்டார். ஆனால் தொழிலுக்கு இன்னும் இறங்கவில்லை என்றார்.

“குட்டி எந்தப் பக்கம் ஒதுங்கினது மிஸ்?”

அவள் சொன்னாள்; தாங்கள் தேடிய பக்கத்தையும் சொன்னாள்.

“ஓ. அப்ப நீங்க தேடினது மறுபக்கம்.” கடல் பக்கம் கையைக் காட்டினார். “என்ட வலை கிடந்த இடத்தை விட்டு அது போகவே இல்லை.”

பிரான்சிஸ்கா கதவு நிலையில் சாய்ந்து நின்றவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவளுக்கு அந்த இடம் தெரிந்திருந்தது. ஸாஜிதா எழுந்து போய் அவள் கையைப் பிடித்தாள். பிரான்சிஸ்கா கையை இழுக்கவில்லை; இறுகப் பிடிக்கவும் இல்லை.

மன்னிப்புக் கேட்கத்தான் வந்ததாக இன்னாசிப்பிள்ளை சொன்னார். இனிமேல் பொலிசோடும் அதிகாரிகளோடும் எழுத்தில் ஒழுங்கு செய்தபிறகுதான் ஊருக்கு வாய் திறப்போம் என்றார்.

“என்னட்ட மட்டும் சொல்லிப் போட்டுப் போகாதீங்க, ஐயா,” என்றார் சவிரிமுத்து. “ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வாங்க. எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க. இந்த மிஸ்ஸை அனுப்பிப் போட்டு நீங்க அங்க இருக்க வேணாம். நீங்களே நிண்டு சொல்லுங்க.”

ஞாயிற்றுக்கிழமை இன்னாசிப்பிள்ளை வந்தார். கோயில் வளவில், வெயிலில் நின்று, நடந்த பிழையை ஒளிக்காமல் சொன்னார். ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சொல்லி முடிந்ததும் சனம் கலைந்து போகத் தொடங்கியது.

பிரான்சிஸ்கா மட்டும் ஸாஜிதாவிடம் வந்தாள்.

“இன்னொருக்கா வலையில பட்டா, பொலிஸ் வர முதல் நீங்க வருவீங்களா?”

“வருவேன், அக்கா.”

பிரான்சிஸ்கா பூசைக்குத் தலையில் போட்டிருந்த முக்காட்டைத் தோளுக்கு இழுத்துவிட்டாள்.

“பாப்பம்,” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.