கரித்துண்டு வைக்காத சட்டி

பன்றி இறைச்சி வந்திறங்கினதுதான் தாமதம், மக்பூல் நானா ஹோட்டல் குசினியை விட்டு வெளியே போய், தென்னை மரத்தடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கற்பிட்டிக் கரைக்குப் பட்டத்தில் தொங்கிக்கொண்டு அலையில் பாய வருகிற வெள்ளைக்காரருக்கு வருசக்கணக்காய்ச் சமைத்துப் போட்ட மனுசன் அவர். சிங்கிறாலோ, இத்தாலிக்காரனின் பாஸ்தா மாவோ, எதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்கமாட்டார். ஆனால் ஹராம் என்றால் ஹராம்தான்.

"அந்தப் பார்சல் என்ட பிரிஜ்ஜுக்குள்ள போனா, பிரிஜ்ஜையும் சேத்து வெளிய தூக்கிப் போடுவன்" என்றார்.

மனேஜர் சாள்ஸ் தலையைச் சொறிந்தான். பாவம், நீர்கொழும்பில் இருந்து ஐஸ் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் அவன்தான். விசயம் இதுதான்: அமெரிக்கக் குடும்பமொன்று ஊருக்குத் திரும்புமுன் கடற்கரையில் நெருப்பு மூட்டி, இறைச்சி வாட்டி, எல்லோரும் கூடிச் சாப்பிட ஆசைப்பட்டது. அந்தச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் பேக்ட் பீன்ஸ் இல்லாவிட்டால் அது சாப்பாடே இல்லையாம். டின்னை வெட்டிக் கொட்டுகிற பீன்ஸ் சரிவராதாம். பேக்கன் போட்டு, இனிப்பும் புளிப்பும் புகையுமாய், தணலில் அரைநாள் கிடந்து கறுத்துச் சுண்ட வேண்டுமாம். அந்த அம்மா கையை ஆட்டி ஆட்டிச் சாள்ஸுக்கு விளங்கப்படுத்தினாள். சாள்ஸ் நானாவுக்குச் சொன்னான். நானா, மரக்கறி வெட்டுகிற சுபாஜினியைக் கூப்பிட்டு, "புள்ள, இது ஒன்ட தலையிலதான்" என்றார்.

சுபாஜினி உடப்புக்காரி. அவள் வீட்டுப் பானையில் பண்டி ஏறினதே கிடையாது. புருசன் யசோதரன் வருசம் தவறாமல் ஆடியில் தீ மிதிக்கிறவன். அதற்காக விரதம் பிடித்தால் மீன் முள்ளைக்கூட வீட்டு வளவுக்குள் போட விடமாட்டான். அந்த யசோதரன் கற்பிட்டிப் பக்கம் வந்து நிக்கொலஸின் போட்டில் மீன்பிடித் தொழிலுக்குப் போனான். போன வருசம் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பின கிழமை இரண்டு பேரும் கடலுக்குப் போனார்கள். போட் திரும்பவில்லை. ஒரு பலகைத் துண்டு, ஒரு வலைமிதப்பு, ஒரு எண்ணெய்க் கேன், ஏதாவது கரையொதுங்கியதா? இல்லை. இந்தியாவில் பிடிபட்டு மறியலில் கிடக்கிறார்கள் என்று ஒருத்தன் சொன்னான். மாலைதீவில் கண்டதாக இன்னொருத்தன் சத்தியம் பண்ணினான். சொல்லிவிட்டுப் போகிறவனுக்கு என்ன, வாய் வலிக்குமா?

யசோதரனின் தமையன் இரத்தினம் மட்டும் நேரே சொன்னார். "ஆடித் திருவிழாவுக்கு முந்தி ஒரு முடிவு சொல்லு பிள்ளை. செத்தவனுக்கு எட்டு வைக்காம எவ்வளவு காலத்துக்கு அலைய விடுறது?" எட்டாம் நாள் செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைக்கிற சடங்கு அது. இரத்தினம் கெட்ட மனுசன் இல்லை, தம்பி பசியோடு அலைவானே என்ற கவலைதான் அவருக்கு. ஆனால் எட்டு வைத்தால் அவள் தாலியைக் கழற்றவேண்டும். கழற்றின பிறகு அவன் படலையைத் திறந்துகொண்டு வந்து நின்றால்? கழற்றாமல் இருந்து, அவன் செத்துக்கிடந்தால்? பெண்சாதியா, கைம்பெண்ணா என்று தெரியாமல் ஒருத்தி எத்தனை காலம் பொட்டு வைத்துக்கொண்டு கண்ணாடி பார்ப்பது? ஆடி நெருங்க நெருங்க அவளுக்கு நித்திரையே இல்லாமல் போயிற்று.

அதே ஹோட்டலில் அறை துப்புரவு செய்கிற ரெஜினாவுக்கும் அதே வியாதிதான். அவள் நிக்கொலஸின் பெண்சாதி. மாதா கோயில் சாமியார் இறந்தவர்களுக்கான பூசைக்குப் பெயர் கேட்டபோது, "என்ட மனுசன்ட பேரை அந்தப் பக்கம் சேக்கவேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொன்னவள்.

விருந்துக்கு முதல்நாள் பின்னேரம் வெள்ளை பீன்ஸைக் கல் பொறுக்கி ஊறப்போட்டுக்கொண்டு இருக்கும்போது ரெஜினா வந்து பக்கத்தில் குந்தினாள்.

"நாளைக்குப் பண்டி பொரிக்கிறியாம். மைம்மல் பொழுதுக்குத்தான் கடற்கரைக்குக் கொண்டுபோறியாம்."

"ஓம். அதுக்கென்ன?"

"கரித்துண்டு வைக்காத."

சுபாஜினியின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது. இந்தக் கரையில் சைவம், கிறித்தவ வேதம், இஸ்லாம் என்று என்ன பேதம் இருந்தாலும் இதில் மட்டும் பேதமில்லை: பொரித்த இறைச்சியை இருட்டுகிற நேரத்தில் வெளியே கொண்டுபோனால் மேலே ஒரு கரித்துண்டு வைக்கவேண்டும். வைக்காவிட்டால் வாசத்துக்குப் பின்னால் வருவார்கள். பசியோடு போனவர்கள்தான் முதலில் வருவார்கள்.

"விசரா உனக்கு?" என்றாள் சுபாஜினி.

"கேள். நிக்கொலஸ் உயிரோட இருக்கேக்கையே, மூண்டு வீடு தள்ளிப் பண்டி பொரிச்சாலும் மணம் பிடிச்சுக்கொண்டு போய் நிப்பான். செத்திருந்தா வராம இருப்பானா? வந்தா எனக்குத் தெரிஞ்சிரும். வராட்டி உயிரோட இருக்கிறான். ஒரு போட்டில போனவங்க, அப்ப உன்ட மனுசனும் இருப்பார். எனக்கு இது தெரியவேணும் சுபா. என்னால ஏலாது இனி."

"அப்ப நீயே கொண்டு போ."

"எனக்குப் பயம்" என்றாள் ரெஜினா. சொல்லிவிட்டு அழுதாள்.

சுபாஜினி ஒப்புக்கொண்டாள். யசோதரன் பண்டி தொடமாட்டான், ஆகவே அவன் இந்த வாசத்துக்கு வரவும் மாட்டான் என்ற எண்ணம் அவள் நெஞ்சின் அடியில் கிடந்தது. நிக்கொலஸ் வராவிட்டால் இரண்டு பேருக்கும் உயிர். வந்தாலும் தன் தாலிக்கு உடனே ஆபத்தில்லை. பயத்தில் மனுசர் போடுகிற கணக்கு இப்படித்தான் இருக்கும்.

அடுத்தநாள் குசினிக்குப் பின்னால் மணலில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினாள். ஒரு கரண்டியில் பீன்ஸை அள்ளி ஊதினால் தோல் சுருண்டு எழும்பவேண்டும், அந்தப் பதம் வரும்வரை அவித்தாள். பேக்கனைத் துண்டு துண்டாய் வெட்டி மண்சட்டியில் போட்டதும், எண்ணெய் விடாமலேயே அது தன் நெய்யைக் கக்கிக்கொண்டு சடசடத்தது. அந்த மணம்! வேண்டாம் வேண்டாம் என்று நினைத்தாலும் அவளுக்கு வாயூறிவிட்டது. அதிலேயே வெங்காயத்தை வதக்கி, தக்காளி சோஸ் ஊற்றி, கடுகை வினாகிரியில் அரைத்துச் சேர்த்தாள். அமெரிக்கக்காரி கேட்ட கறுத்தப் பாணி இங்கே எங்கே கிடைக்கும்? பனங்கருப்பட்டியைத் தட்டிப் போட்டாள்.

நானா காற்றுக்கு முன்பக்கமாய்க் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தூரத்திலிருந்தே அதிகாரம் பண்ணினார். மூக்கை இடுப்புச் சாரத் தலைப்பால் பொத்தியிருந்தார்.

"தண்ணி வத்திட்டா புள்ள?"

"இன்னும் இல்லை நானா."

"மூடிக்கு மேலயும் தணல் போடு. கேக் சுடுற மாதிரி. உப்புப் பாத்தியா?"

"நீங்கதான் வந்து பாருங்கோவன்."

"அஸ்தக்ஃபிருல்லாஹ்! வாயைப் பாரு இவள்ட."

சிரட்டைத் தணலை மூடிமேல் பரப்பினாள். மேலும் கீழும் நெருப்பு இருக்கும்வரை எதுவும் கிட்ட வராது, அது அவளுக்குத் தெரியும். பின்னேரம் முழுக்கச் சட்டி உள்ளுக்குள்ளே கொதிக்க, அவள் பக்கத்தில் இருந்து தணலை மாற்றி மாற்றிப் போட்டாள். கச்சான் காற்று சவுக்குத் தோப்பில் ஊளையிட்டது. அங்கே கடற்கரையில் சாள்ஸ் மேசை போட, ரெஜினா தட்டு அடுக்கினாள். பொழுது கடலுக்குள் இறங்கி, வானம் மங்கினபோது அவள் மூடித் தணலைத் தட்டிக் கொட்டினாள். உள்ளே பீன்ஸ் கறுத்து மினுங்கிக்கொண்டு இருந்தது.

"கரி வெச்சியா?" நானா எழும்பி நின்று கத்தினார். "மஃரிபுடைய நேரம். வெக்காம எடுக்காத, சொல்லிட்டன்!"

"வைச்சிட்டன் நானா."

வந்து பார்த்திருப்பார், வேறு சட்டியென்றால். இந்தச் சட்டிக்குப் பக்கத்தில் அவர் வரமாட்டார். "பிஸ்மில்லா சொல்லவும் ஏலாத சாமானாப் போச்சே" என்று முணுமுணுத்துக்கொண்டு தொழப் போனார்.

சட்டியைத் துணி சுற்றி, கரண்டியோடு தூக்கிக்கொண்டு அவள் தோப்புக்குள் இறங்கினாள். தோப்பைத் தாண்டினால் கடற்கரை, அவ்வளவுதான். நெருப்பும் தெரிகிறது, வெள்ளைக்காரப் பிள்ளைகள் சிரிக்கிற சத்தமும் கேட்கிறது. என்ன பயம்? ஆனால் பாதித் தூரம் போகமுன்னமே பின்னால் ஈரச் சாரம் காலில் அடிபடுகிற சத்தம் கேட்டது. அவள் நின்றாள். அதுவும் நின்றது. நடந்தாள். அதுவும் நடந்தது. திரும்பிப் பார்க்கக்கூடாது. திரும்பினால் கூடவே வீட்டுக்கு வந்துவிடும்.

"தங்கச்சி" என்றது குரல். "வாசம் ஆளைத் தூக்குதே."

நிக்கொலஸ். வேறு யாருமில்லை. சாப்பாடு கண்ட இடத்தில் குழைகிற அதே குரல், தொண்டையில் தண்ணீர் நிற்பதுபோல் கொஞ்சம் கரகரத்தது. சுபாஜினி சட்டியை மணலில் இறக்கிவைத்து, அதற்குப் பக்கத்திலேயே குந்திவிட்டாள்.

"அண்ணே..." என்றாள். "ஐயோ அண்ணே."

அழுகை வந்தது. ரெஜினாவுக்கு என்னவென்று சொல்வது என்று நினைத்தாள். ஆனால் அந்த அழுகைக்கு அடியில், சொல்ல வெட்கம், சந்தோசம் ஒன்று துள்ளிக்கொண்டு இருந்தது. ஒரு காலடிதான் கேட்டது. ஒரு ஆள்தான் வந்தது. தன் மனுசன் வரவில்லை. அவர் நீந்திப்போயிருப்பார், யாராவது தூக்கியிருப்பார்கள், மறியலிலோ மாலைதீவிலோ எங்கேயோ இருக்கிறார்! பக்கத்தில் நின்ற பூவரசில் ஒரு இலை பிடுங்கி, ஒரு கரண்டி பீன்ஸும் பார்த்துப் பொறுக்கின பெரிய பேக்கன் துண்டுகளும் வைத்து, முகத்தைத் திருப்பாமல் பின்னால் தள்ளினாள்.

"தின்னுங்கோ அண்ணே. தின்னுட்டுப் போங்கோ."

அது போகவில்லை. மணலில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னொரு இலை போடு."

"இன்னும் தாறன், இதிலயே போடுறன்."

"எனக்கில்ல. யசோவுக்கு."

"அவர் பண்டி தின்னமாட்டார்" என்றாள். கத்தினாள் என்றே சொல்லவேண்டும். "அவர் தீ மிதிக்கிறவர். நீங்க பொய் சொல்லுறீங்க!"

"எங்கட வீட்டுக் குசினியில ஒளிச்சுத் தின்னுறவன்தானே. தின்னுட்டுக் கையைத் தேசிக்காய் போட்டுக் கழுவிட்டு உன்னட்ட வருவான்." குரலில் ஒரு சிரிப்பு வந்து போயிற்று. "அந்தா, தண்ணிக்க நிக்கிறான். கூப்பிட்டன், வரமாட்டானாம். நீ பாக்கிறாயெண்டு வெட்கப்படுறான்."

தேசிக்காய். கையில் எலுமிச்சை மணக்கிறது மீன் நாற்றம் போக என்றுதான் அவன் சொன்னான், அவளும் நம்பினாள். கள்ளன்! இத்தனை வருசம் என்னிடம் மறைத்துக்கொண்டு, அம்மன் முன்னால் வேறு நல்ல பிள்ளை மாதிரி நின்றுகொண்டு! பிடித்து உலுக்கிக் கேட்கவேண்டும் போல இருந்தது அவளுக்கு. நாலு நாளைக்குச் சோறு போடாமல் விடவேண்டும் போல இருந்தது. அந்தக் கோபம் வந்த வேகத்திலேயே உடைந்து, கேட்பதற்கு ஆள் இல்லை என்று நெஞ்சில் அறைந்தது. யசோதரன் செத்துப்போனான். கடலுக்குப் போன கிழமையே செத்திருப்பான். இத்தனை நாளும் பசியோடு கிடந்திருக்கிறான்.

இன்னொரு இலை பிடுங்கினாள். ஒரு கரண்டி அள்ளினாள், போதாது என்று இன்னொன்றும் அள்ளினாள். கடல்பக்கமாய் வைத்தாள். பிறகு, அவன் வெட்கப்படாமல் வந்து தின்னட்டும் என்று, எழும்பி மற்றப் பக்கம் திரும்பி, கண்ணையும் மூடிக்கொண்டு நின்றாள். காற்று மட்டும் வீசிக்கொண்டு இருந்தது.

எவ்வளவு நேரம் நின்றாளோ. சாள்ஸ் ஏசுகிறான், சட்டி எங்கே என்று கேட்டுக்கொண்டு ரெஜினா ஓடிவந்தாள். வந்தவள் சுபாஜினியின் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"ரெஜினா" என்றாள் சுபாஜினி. "என்ட மனுசன் உங்கட குசினியில ஒளிச்சுப் பண்டி தின்னுறவராமே?"

ரெஜினா வாயில் கையை வைத்தாள்.

"அது எங்க மூண்டு பேரைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாதே. உனக்கு ஆர் சொன்னது?"

"நிக்கொலஸ் அண்ணே" என்றாள் சுபாஜினி. "இப்பதான் சொன்னார்."