சந்தேகம் வந்தால் கொட்டிவிடு

"காப்பியில ஈ கெடக்கு! எவன்டா இந்தக் கடைக்காரன்?"

நெல்டா இப்படிக் கத்தினால்தான் டுவைட் தன் கையிலிருக்கும் டைமரை அமுக்குவான். கௌபாய் வேஷம் போட்டுக்கொண்டு சுடுகிற போட்டி அது; ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வசனம் உண்டு. சுடுகிறவர் அதைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். வசனம் எழுதுவது டுவைட்டின் பொறுப்பு. வாரத்தில் ஆறு நாள் ஊரார் வீட்டுக் குழாய்களை அடைப்பெடுக்கிற மனிதனின் கற்பனை ஈயைத் தாண்டிப் போகாததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இரண்டாவது சனிக்கிழமைகளில் மட்டும் அவன் கறுப்புக் கோட்டும் வெள்ளைக் காலரும் மாட்டிக்கொண்டு 'உபதேசியார்' ஆகிவிடுவான். நெல்டா அன்றைக்குப் 'புளிச்ச மோர்'. குறி தவறும்போது அவள் முகம் போகிற போக்கைப் பார்த்து வைத்த பெயர். அவள் கணவர் ஆர்லிஸின் பெயர் 'ரெண்டுதரம்'. எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் கையை எடுக்க மாட்டார் என்பதால்.

டைமர் கூவியது. நெல்டா ரைபிளைத் தூக்கினாள். பலகையில் செய்த பொய்ச் சாராயக்கடைக்குப் பின்னால் வரிசையாக நின்ற இரும்புத் தகடுகளில் டங், டங், டங் என்று ஐந்து விழுந்தன. ஆறாவது குண்டுக்கு 'பொத்' என்று ஒரு சத்தம், ஈரத்துணி தரையில் விழுந்த மாதிரி. கை பழக்கதோஷத்தில் நெம்புகோலை இழுத்து ஏழாவது தோட்டாவை உள்ளே தள்ளிவிட்டது. விரல் விசைக்கும் போய்விட்டது.

"நிறுத்து! விரல எடு அம்மணி, விரல எடு!"

டுவைட் அப்படிக் கத்தி அவள் கேட்டதே இல்லை.

ரைபிளைக் காலி செய்து, மேசையில் கிடத்தி, பித்தளைக் கம்பியைக் குழலுக்குள் விட்டார்கள். கம்பி பாதியில் நின்றது. ஆறாவது ஈயக்குண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தது. அந்தத் தோட்டாவில் வெடிமருந்தே இல்லை. அடியிலுள்ள பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைப் பாதி வழி தள்ளிவிட்டிருக்கிறது. ஏழாவதையும் சுட்டிருந்தால் குழல் நெல்டாவின் இடது கையிலேயே பிளந்திருக்கும்.

எல்லோரும் மேசையைச் சுற்றி வந்துவிட்டார்கள். தோட்டா ஆர்லிஸ் வீட்டில் செய்தது. பதினோரு வருஷத்தில் அவர் தோட்டா ஒன்றுகூட மக்கர் செய்ததில்லை. கடையில் வாங்கியதையே நம்பாதவர்கள்கூட ஆர்லிஸ் கொடுத்தால் கேள்வி கேட்காமல் போட்டுச் சுடுவார்கள்.

"ரெண்டுதரம், நீயாப்பா?" என்றான் டுவைட். கேலியாகத்தான் ஆரம்பித்தான், பாதியிலேயே குரல் இறங்கிவிட்டது.

ஆர்லிஸ் நெல்டாவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். அந்தக் கட்டத்தில் அவர் எண்ணுகிறவர்களில் ஒருவர். சுடுகிறவருக்குப் பின்னால் மூன்று பேர் நின்று குறி தவறியதை எண்ணுவார்கள். முடிந்ததும் டுவைட் திரும்பி "எத்தனை?" என்பான், வாய் பேசாமல் விரலைத் தூக்கிக் காட்ட வேண்டும். சந்தேகம் இருந்தால் சுட்டவருக்குச் சாதகம். சந்தேகம் இல்லையென்றால் பெற்ற தாயாக இருந்தாலும் விரல் மடங்கக் கூடாது. நெல்டா ஒருமுறை சொந்தப் புருஷனுக்கே மூன்று விரல் காட்டிவிட்டு, சாயங்காலம் பீன்ஸைக் கிண்டிக்கொண்டே "மூணுன்னா மூணுதான்" என்றவள். இன்றைக்கு ஆர்லிஸ் கையைத் தூக்காமல், அது யாருடைய கையோ என்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீடு திரும்பும்போது வண்டியை ஆர்லிஸ்தான் ஓட்டினார். இருபதாவது மைலில் சொன்னார்:

"நீதான் தோட்டா பிரஸ்ஸைத் தொட்டுருப்ப."

"நானா?"

"செவ்வாக்கெழம. நான் டெலிபோன் பேசிட்டிருந்தப்ப நீ கேரேஜுக்குப் போன. கைப்பிடி நான் விட்ட எடத்துல இல்ல. அன்னிக்கே நெனச்சேன்."

நெல்டா நினைவில் செவ்வாய்க்கிழமையைத் தேடினாள். கேரேஜுக்குப் போனது உண்மை. ஃப்ரீசரிலிருந்து சோளம் எடுக்கப் போனாள். தோட்டா செய்கிற பிரஸ் பூட்டிய மேசையைத் தாண்டித்தான் ஃப்ரீசர். இடுப்பு இடித்ததா? ஒரு தடவை கைப்பிடி அசைந்தால், அதற்குள் இருக்கும் ஐந்து தோட்டாக் கூடுகளும் ஆளுக்கு ஒரு இடம் நகரும். ஒன்று மருந்து வாங்காமல் போகலாம், இன்னொன்று இரண்டு பங்கு வாங்கலாம். இடித்ததாகவும் இருந்தது, இடிக்காததாகவும் இருந்தது. யோசிக்க யோசிக்க இடுப்பில் வலிகூடத் தெரிந்தது.

"இருக்கலாம்," என்றாள்.

"இருக்கலாம் என்ன? நீதான்."

அவர் இப்படிப் பேசுகிற ஆளே இல்லை. கோபம் வரவேண்டிய இடத்தில் அவளுக்குக் குழப்பம்தான் வந்தது. குற்றம் தன்மேல் இருந்தால் நல்லது என்றுகூட ஒரு எண்ணம் ஓடியது, ஏன் என்றுதான் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து வண்டி தங்கள் வீட்டுத் திருப்பத்தைத் தாண்டிப் போனது.

"ஆர்லிஸ், ரோடு."

"தெரியும். கர்டிஸ் பருத்தி எப்படி நிக்குதுன்னு பாத்துட்டு வரலாம்னுதான்."

பக்கத்து நிலத்துக்காரன் கர்டிஸ் பருத்தி போடுவதை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. இருவரும் அவனுடைய காலி நிலத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் ஆர்லிஸ் சட்டையை மாற்றிக்கொண்டு கேரேஜுக்குப் போனார். செவ்வாய்க்கிழமை செய்ததில் இருநூற்றுப் பன்னிரண்டு தோட்டா மிச்சம். அத்தனையையும் பிரிக்க வேண்டும். எடை போட்டுப் பார்த்தால் தெரியாது; ஒரு ஈயக்குண்டுக்கும் இன்னொன்றுக்கும் இருக்கும் வித்தியாசமே உள்ளே இருக்கும் சிட்டிகை மருந்தை விட அதிகம். அந்தச் சிட்டிகைதான் வில்லங்கமும். கூட்டில் பாதிக்குக் கீழேதான் நிறையும் என்பதால் இரண்டு பங்கு விழுந்தாலும் வழியாது, வெளியே காட்டாது. மருந்தில்லாத தோட்டா துப்பாக்கியை அடைக்கும். இரட்டை மருந்து வாங்கிய தோட்டா கையையே கொண்டுபோய்விடும்.

"நானும் வரேன்," என்றாள் நெல்டா.

"ஒனக்கெதுக்கு?"

"சுடறது என் மூஞ்சிக்குப் பக்கத்துல. எனக்கெதுக்கா?"

அவர் நகர்ந்து இடம் விட்டார்.

சுத்தியல் மாதிரி ஒரு கருவி. அதன் தலைக்குள் தோட்டாவைச் செருகி, மரக்கட்டையில் ஓங்கித் தட்டினால் குண்டும் மருந்தும் கழன்று விழும். நெல்டா தட்டினாள். ஆர்லிஸ் மருந்தைச் சின்னத் தராசில் எடைபோட்டு, நோட்டில் ஒரு கோடு போட்டு, டப்பாவில் கொட்டினார். மேசைக்கு மேலே அவர் கையெழுத்தில் பழைய அட்டை ஒன்று ஆணியில் தொங்கியது: 'சந்தேகமா? கொட்டு.' பிரஸ்ஸின் மேல் நிற்கும் கண்ணாடிக் குழாயில் இருப்பது எந்த மருந்து என்று ஒரு நொடி தயங்கினாலும் அதை மறுபடி டப்பாவில் ஊற்றக் கூடாது. மருந்தெல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். மாற்றிப் போட்டால் உயிர் போகும். வெளியே கொண்டுபோய்ப் புல்லில் விசிறிவிட வேண்டும். இந்தத் தொழிலில் கை வைத்த எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். புல்லுக்கு அது உரம் வேறு.

நூற்று நாற்பதாவது தோட்டா காலி. அடுத்ததும் காலி. அதன்பின் எல்லாம் சரியாக இருந்தது. இரட்டை ஒன்றுகூட இல்லை.

"காலி மூணு," என்றார் ஆர்லிஸ். "நேத்து ஒண்ணு, இப்ப ரெண்டு."

"கைப்பிடிய ஒரு தடவ இடிச்சா மூணு காலியாகுமா?"

அவர் கைப்பிடியை ஒருமுறை மெல்ல இழுத்துப் பார்த்தார். "ஆகாது," என்றார். பிறகு, "நீ மூணு தடவ இடிச்சிருந்தா?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார். அவள் சொல்லப்போகும் பதிலுக்காகக் காத்திருந்தார். நெல்டா கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தாள். முப்பத்து நாலு வருஷமாக இந்த மனுஷன் தனக்குத் தெரியாததை அவளிடம் கேட்டதே கிடையாது. தானே தேடிக் கண்டுபிடித்துக்கொண்டு, மூன்று நாள் கழித்துப் பெருமையடிப்பார்.

"மருந்தக் கொட்டிட்டு வரேன்," என்று டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

ஆகஸ்ட் வெயில். முன்பக்கம் மாதிரியே பின்பக்கப் புல்லும் காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது. அவள் வழக்கமாகக் கொட்டுகிற வேலி ஓரம் போகவில்லை. கால் போன போக்கில் எரிவாயுத் தொட்டியைச் சுற்றிக்கொண்டு போனாள். அந்தப் பக்கம் போய் மாதக்கணக்காகிறது. புல்வெட்டும் வேலை ஆர்லிஸுடையது.

தொட்டிக்குப் பின்னால், வைக்கோல் நிறத்துக்கு நடுவே பச்சைத் திட்டு ஒன்று. சாப்பாட்டுத் தட்டு அகலம். நாய் செய்த வேலை என்று நினைத்தாள். ஆனால் நாய் போன நவம்பரிலேயே செத்துவிட்டது. பக்கத்தில் இன்னொரு திட்டு. தள்ளி மற்றொன்று. சிலது கரும்பச்சை, நன்றாக வேர் பிடித்து வளர்ந்தவை, சிலது இளம்பச்சை. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முன்பெல்லாம் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்லிஸுக்குச் சந்தேகம் வரும். அன்றைக்கு வேலி ஓரத்தில் கொட்டிவிட்டு வந்து, இரவுச் சாப்பாட்டில் அதையே ஒரு கதையாகச் சொல்வார். அவளும் கேலி செய்வாள். இந்த வருஷம் அப்படி ஒரு கதையும் அவர் சொல்லவில்லை.

எட்டு எண்ணினாள். பிறகு காலடியில் பார்த்தாள். ஒன்பதாவது அங்கே இருந்தது, புல் இன்னும் பச்சையாகவில்லை. காய்ந்த புல்லின் அடியில் சாம்பல் நிற மருந்துச் செதில்கள், இன்னும் தண்ணீர் படாமல், விசிறினது விசிறினபடி கிடந்தன. நாலைந்து நாளைக்கு மேல் இருக்காது.

செவ்வாய்க்கிழமை.

குழாயில் இருந்தது எந்த மருந்து என்று அவருக்குத் தெரியாமல் போயிருக்கிறது. அட்டையில் எழுதியபடி கொண்டுவந்து இங்கே கொட்டியிருக்கிறார். திரும்பிப் போய், கொட்டியதை மறந்து, காலிக் குழாயோடு மூன்று தடவை கைப்பிடியை இழுத்துவிட்டு, அப்புறம்தான் பார்த்து நிரப்பியிருக்கிறார்; அந்த மூன்றையும் எடுத்துப்போடவும் மறந்திருக்கிறார். கைப்பிடி இடம் மாறியிருந்தது அதனால்தான். சோளம் எடுக்கப் போனவள் எதையும் இடிக்கவில்லை. இடுப்பு வலி பொய். அது பொய் என்று தெரிந்த நொடியில் நெல்டாவுக்கு அழுகை வந்தது. இடித்தது தானாகவே இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

பின்னால் கேரேஜ் கதவு திறந்தது. ஆர்லிஸ் வந்து தொட்டி ஓரத்தில் நின்றார். அவள் எங்கே நிற்கிறாள், எதைப் பார்க்கிறாள் என்று பார்த்தார். கோபப்படவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நீ பாக்கக் கூடாதுன்னுதான் இந்தப் பக்கம் கொட்டினேன்," என்றார். "வேலிப் பக்கம்னா ஒனக்குச் சமையக்கட்டு ஜன்னல்லேர்ந்து தெரியும்."

"ஏன் ஆர்லிஸ் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? மருந்து போட்டேன், எந்த மருந்துன்னு மறந்துட்டேன்னா? டப்பா மேசையிலதான் இருக்கு. பேரு எழுதிருக்கு. படிக்கிறேன். குழாயப் பாக்கறேன். இது அதுதானான்னு நிச்சயமில்ல. நிச்சயமில்லன்னா கொட்டிரணும். நான் கொட்டிட்டேன். தப்பா ஒண்ணும் செய்யல நெல்டா."

"தப்புன்னு நான் சொன்னேனா?"

"ஒன் கையில ரைபிள் குடுக்கறேன்ல. கொட்டாம இருப்பேனா?"

நெல்டா டப்பாவை இடுப்போடு அணைத்துக்கொண்டாள். இவ்வளவு குழப்பத்திலும் மனுஷன் அந்த ஒரு சட்டத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். நேற்றுத் தன் இடது கை தப்பியது டுவைட்டின் கத்தலால் மட்டுமல்ல என்று தோன்றியது. கொட்டாமல் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தால் எந்த மாதமோ என்னவோ நடந்திருக்கும்.

ஆர்லிஸ் கண்ணைச் சுருக்கிப் புல்வெளியைப் பார்த்தார். பிறகு மைதானத்தில் டுவைட் கேட்கிற அதே தோரணையில் கேட்டார்.

"எத்தனை?"

நெல்டா டப்பாவைக் கீழே வைத்தாள். சந்தேகம் இருந்தால் அவருக்குச் சாதகமாக மடக்கியிருப்பாள். ஒரு துளி சந்தேகம்கூட இல்லை. இரண்டு கைகளையும் தூக்கினாள். ஒன்றில் ஐந்து, மற்றதில் நான்கு.

அவர் விரல்களை எண்ணினார். புல்வெளியைப் பார்த்துவிட்டு வந்து, மறுபடி எண்ணினார்.

"நாலுதானே," என்றார். "நான் கொட்டினது நாலு தடவதான். நல்லா ஞாபகம் இருக்கு."

தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டார்.

"அப்ப மீதி அஞ்ச யாரு கொட்டினா?"

நான்தான் என்று சொல்ல அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவள் விரல்களை மடக்கவில்லை.