திறக்காமல் விட்ட பூட்டு

அக்காவின் கணவர்தான் அவளுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். வீட்டில் அத்தான், ஆபீஸில் சார். ஆஸ்பத்திரிக் கருவிகளுக்கான ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதும் குழுவுக்கு அவர் தலைவர். அதில் மெமரி பகுதி அவள் பொறுப்பு.

சேர்ந்த ஆறாம் மாதமே ஒரு பிழை கண்ணில் பட்டது. புரோகிராமில் ஒரு ஃபங்ஷன், வேறெதுவும் குறுக்கே வராதபடி பூட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு மூன்று தடவை மெமரி கேட்கும். மூன்றாவது கிடைக்காவிட்டால், வாங்கிய இரண்டையும் திருப்பிக் கொடுத்து, பூட்டைத் திறந்துவிட்டு வெளியே வரவேண்டும். அதுவோ 'கிடைக்கவில்லை' என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையை வீசிக்கொண்டு வந்துவிடும். அப்புறம் அந்தப் பூட்டுக்காகக் காத்திருப்பதெல்லாம் காத்துக்கொண்டே கிடக்கவேண்டியதுதான்.

நாலே வரியில் திருத்தி அனுப்பினாள்.

"மெமரி தீர்ந்தாத்தானே அந்தப் பக்கமே போகும்? தீராதும்மா. ஓடுற புரோகிராம்ல கை வைக்காதே," என்றார் அத்தான். வேலை வாங்கிக் கொடுத்த மனிதரிடம் எப்படி மல்லுக்கு நிற்பது? வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டு வருஷம் கழித்து மெமரி தீர்ந்தது. ஒரு ஆஸ்பத்திரியில், பட்டப்பகலில், மருந்து ஏற்றும் பம்ப் நின்றுபோனது. திரையில் பழைய எண்கள் அப்படியே இருந்ததால் நர்ஸுக்குச் சந்தேகம் வரவில்லை. கவனித்தபோது நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. படுத்திருந்த பள்ளிக்கூட வாத்தியார் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார்.

"அந்தத் திருத்தத்தைப் புதுசா அனுப்பிடு," என்றார் அத்தான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அனுப்பினாள். இதே திருத்தம் முன்பே வந்து மறுக்கப்பட்டது என்று திருத்தத்தோடு போகும் குறிப்பில் எழுதியும் வைத்தாள்.

சாயங்காலமே அக்கா போன் செய்தாள். "அதை எடுத்துடுடி."

"ஒரு ஆள் செத்திருக்கார்க்கா."

"நீ எழுதினா எழுந்து வந்துடுவாரா? உங்க அத்தானுக்கு வேலை போச்சுன்னா என் பிள்ளைங்க கதி?"

மூன்று நாள் பிடிவாதமாக இருந்தாள். நாலாம் நாள் குறிப்பை அழித்தாள். "இந்தப் பிழை முன்னாடியே யாருக்காவது தெரியுமா?" என்று விசாரணையில் கேட்டார்கள். தெரியாது என்றாள்.

வெளியே வாத்தியாரின் மனைவி நின்றிருந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதான் ஒரே நாள்ல சரி பண்ணீங்களாமே. இனி வேற யாருக்கும் இப்படி ஆகாதில்லம்மா? நீங்க நல்லா இருக்கணும்."

கையை உருவிக்கொள்ளவும் அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மறுவாரம் முழுக்க அந்தப் புரோகிராமைத் துருவினாள். அதே மாதிரி இன்னும் பதினோரு இடம் இருந்தது. எல்லாவற்றையும் திருத்தி அனுப்பினாள். அத்தான் ஒன்றைக்கூடப் படித்துப் பார்க்காமல் ஏற்றுக்கொண்டார்.