மெமோ மாமாவுக்குத் தமிழ் திரும்பிய நாள்

பணியாளர் பிரிவு மேலாளருக்குத் தமிழ் மறந்துபோய்ப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன என்பது அவரே பரப்பிய செய்தி. மேசைக் காலில் இடித்துக்கொண்டால் மட்டும் "ஐயோ அம்மா" என்று ஞாபகம் வரும். அந்த அலுவலகத்தில் இருந்த இன்னொரு தமிழ் ஆள் சரக்குப் பிரிவு அக்கா. அவருக்கு மெமோ மாமா என்று பெயர் வைத்தவள் அவள்தான்.

காரணம் இருந்தது. தங்கைக்குப் பிரசவ வலி எடுத்த அன்று, அக்கா சாப்பாட்டு அறையில் நின்றபடி போனில், "பயப்படாதடி, மூச்சை நல்லா இழுத்து விடு" என்றாள். மறுநாளே மாமா கையெழுத்திட்ட மெமோ வந்தது. குற்றம்: பணியிடத்தில் பிறருக்குப் புரியாத மொழியில் பேசியது. அந்தத் தாள் கோப்பில் இருக்கும்வரை மேற்பார்வையாளர் வேலைக்கு அவள் மனுப்போடக்கூட முடியாது. மனுவுக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

வியாழக்கிழமை தாய்மொழி தினம். தலைமையகத்திலிருந்து தலைவியம்மா வந்திருந்தார். மாமா காகிதக் கொடிகள் கட்டி, மொழிக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கி, பன்மையின் அழகைப் பற்றித் தாம் மட்டும் இருபது நிமிடம் அலுவலகப் பொதுமொழியில் பேசினார். தமிழுக்கு அக்காவைத்தான் மேடைக்குக் கூப்பிட வேண்டியிருந்தது, மாமாவுக்குத்தான் மறந்துவிட்டதே.

அக்கா மெமோவின் நகலை விரித்து, தாலாட்டுகிற குரலில் வரிவரியாகத் தமிழில் சொன்னாள். ஒரு சொல்லும் புரியாத சபை சொக்கிப்போனது. தலைவியம்மா கண்களை மூடித் தலையாட்டினார். பக்கத்தில் மாமாவின் முகம் பிழிந்த துணியானது.

"கையெழுத்து முத்து முத்தா இருக்கு மாமா," என்று அதே குரலில் தொடர்ந்தாள். "கோப்புல இருக்கிறத இன்னிக்கே கிழிக்கணும். இல்லேன்னா இதையே எல்லாருக்கும் புரியிற மாதிரி இன்னொரு தரம் படிப்பேன். பதிலைத் தமிழ்லயே சொல்லுங்க. சத்தமா."

மாமா சிரித்த பல் சிரித்தபடியே, "கிழிச்சுத் தொலைக்கிறேன், கீழ இறங்கு தாயே!" என்றார்.

தலைவியம்மா கண் திறந்தார். "அடடே, உங்களுக்கும் இந்த மொழி வருமா? சொல்லவே இல்லையே! இப்ப என்ன சொன்னீங்க?"

மாமாவுக்கு இப்போது எல்லா மொழியும் மறந்துவிட்டது.

"நான் சொல்றேம்மா," என்று அக்கா மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள். கொடுத்த வாக்கை மீறாமல், மெமோவில் இருந்ததைத் தொடவே இல்லை. அவர் சொன்னதை மட்டும் பொதுமொழியில், 'தாயே' உட்பட, ஒன்று விடாமல் மொழிபெயர்த்தாள்.

"எதைக் கிழிக்கப் போறார்?" என்று தலைவியம்மா தாளுக்குக் கையை நீட்டினார்.

அக்கா மேடையிலிருந்து அவரை நோக்கி இறங்கினாள், தாளை மடிக்காமல்.